வடிகாலும் வரைபடமும்: யாழ். நகரத் திட்டமிடலில் மக்களைச் சேர்க்க எந்த டிஜிட்டல் கருவி?

யாழ்ப்பாண நகரில் புதிய வடிகாலை எந்த ஒழுங்கை வழியாகக் கொண்டு செல்வது, தூர்ந்துபோன குளத்தை மீட்பதா விடுவதா, சந்தைக்குப் பின்னால் கிடக்கும் காணியில் வாகனத் தரிப்பிடம் அமைப்பதா என்பன போன்ற கேள்விகளை அங்கே குடியிருப்பவர்களிடமும் கேட்க வேண்டும் என்பதை இன்று கூட்ட மேடைகளில் எவரும் மறுப்பதில்லை. எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, கேட்டதை எங்கே எழுதிவைப்பது என்ற இடத்தில்தான் பேச்சு நின்றுபோகிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கிய 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்துக்கு 1982 இல் வந்த திருத்தம், அபிவிருத்தித் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபனைகளைப் பெற வேண்டும் என்று ஏற்கெனவே கூறுகிறது. ஆனால் பத்திரிகையின் உட்பக்கத்து அறிவித்தலைக் கண்டு, வேலைநாளொன்றில் அலுவலகத்துக்குப் போய், வர்ண வலயங்கள் தீட்டிய வரைபடத்தில் தன் வளவைத் தேடிப் பிடித்து, எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கக்கூடியவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், ஓய்வுபெற்ற பொறியியலாளரும் காணி வழக்கு நடத்திப் பழகியவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். விடியற்காலையில் குருநகர்க் கரைக்கு வந்து சேரும் கடற்றொழிலாளியோ, கொட்டடியில் வாடகை வீட்டில் இருந்து தையல் வேலை செய்யும் பெண்ணோ நினைவுக்கு வருவதில்லை.

இந்த இடைவெளியைக் கைபேசியும் இணையமும் நிரப்பிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அந்த நம்பிக்கையோடு நம் முன் வைக்கப்படும் வழிகள் நான்கு. வீதியில் உள்ள குறையைப் படம் எடுத்து அனுப்பும் முறைப்பாட்டுச் செயலி ஒன்று. மட்ரிட், பார்சிலோனா போன்ற நகரங்களில் எழுந்த பங்கேற்பு இணையத்தளம் மற்றொன்று. எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கும் வட்ஸ்அப், வைபர் குழுக்கள் மூன்றாவது. வரைபடத்தின்மேல் இடம் காட்டிச் சொல்லவைக்கும் கள ஆய்வு நான்காவது. பணமும் ஆளணியும் தாராளமாக உள்ள நகரமென்றால் நான்கையும் செய்து பார்க்கலாம். இரண்டு உத்தியோகத்தர்களையும் ஓர் ஆண்டுப் பாதீட்டில் கிடைக்கும் சிறு தொகையையும் மட்டும் நம்பி நிற்கும் மாநகர சபையால் இவற்றுள் ஒன்றோடுதான் முதலில் தொடங்க முடியும். அந்த ஒன்று எது என்பதே இங்கே கேள்வி. வெள்ள நீரும் குளங்களும் சார்ந்த திட்டமிடலுக்கு நான்காவது வழியில் தொடங்குவதே சரி என்பது என் நிலைப்பாடு. அந்த முடிவுக்கு வந்த காரணங்களைச் சொல்வதற்கு மற்ற மூன்றையும் அவற்றின் பலத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

வெள்ள நீரை அளவுகோலாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ இருபது சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நம் மாநகரம் அநேகமாகத் தட்டையான சுண்ணக்கல் நிலத்தின்மேல் இருக்கிறது. ஆறு என்று ஒன்று இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகீழ்ப் பருவமழை ஒன்றில் நிலத்துக்குள் இறங்க வேண்டும், அல்லது குளங்களில் தங்கி வாய்க்கால் வழியே கடல்நீரேரிக்குப் போக வேண்டும். நிலத்துக்குள் இறங்குவதே நம் கிணற்றுத் தண்ணீர். அதே நிலத்துக்குள்தான் மலக்குழிகளும் இருக்கின்றன. 2008 இல் நிஷா புயலின்போதும் 2020 இல் புரேவியின்போதும் வெள்ளம் வீட்டுக்குள் வந்த குடும்பங்களுக்கு இது பாடப்புத்தக விடயம் அன்று. ஆரியகுளம் 2021 இல் திருத்தப்பட்டு மக்கள் மாலையில் வந்து உட்காரும் இடமாக மாறியதைக் கண்டவர்கள், தங்கள் அயலில் உள்ள மற்றக் குளங்களைப் பற்றியும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். வடிகால் என்பது ஒவ்வொரு வளவையும் தொடுகின்ற, ஒரு வீட்டுக்காரரின் நன்மை அடுத்த வீட்டுக்காரரின் கேடாக மாறக்கூடிய விடயம் என்பதால், மக்களைக் கேட்கும் கருவியொன்றைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கடினமான களம் இந்த நகரில் இல்லை.

முறைப்பாட்டுச் செயலியில் தொடங்குவோம். பிரித்தானியாவில் மைசொசைட்டி என்ற அமைப்பு 2007 இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் இதற்கு முன்னோடி. குழியையோ எரியாத தெருவிளக்கையோ வரைபடத்தில் குறித்து அனுப்பினால், அது எந்த உள்ளூராட்சி சபைக்கு உரியதோ அந்தச் சபைக்குப் போய்ச் சேரும். அனுப்பியது என்ன ஆயிற்று என்பதை எவரும் பின்தொடரலாம். அதன் எளிமை கவர்ச்சியானது. ஆனால் அந்த எளிமையின் அடியில், எந்த வீதி யாருடையது என்ற ஒழுங்கான பட்டியல் ஒன்று இருக்கிறது. நம் நகரில் கண்டி வீதி போன்ற பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், வேறு சில மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடமும், உள் வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபையிடமும் இருக்கின்றன. ஒரே வாய்க்கால் மூவரின் எல்லையையும் கடந்து போகும். குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய பள்ளம் நீர் வழங்கல் சபைக்கும், மின்கம்பம் மின்சார சபைக்கும் உரியவை. செயலியில் அனுப்பிய படத்துக்கு 'இது எமது எல்லைக்குள் இல்லை' என்ற பதில் இரண்டு தடவை வந்தால், மூன்றாவது தடவை அனுப்ப எவருக்கும் மனம் வராது. மாநகர சபை மற்றைய திணைக்களங்களோடு முன்கூட்டியே பேசி, முறைப்பாடுகளைத் தானே பிரித்து அனுப்பும் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் இது நல்ல சேவையாக அமையும். அப்போதும் அது பராமரிப்புக்கு உதவும் சேவையே தவிர, திட்டமிடலுக்கு உரிய கருவி ஆகாது. உடைந்த மதகைக் காட்டித் தரும் செயலியிடம், மதகே இல்லாத இடத்தில் ஒன்று வேண்டுமா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

பங்கேற்பு இணையத்தளங்களை இவ்வளவு விரைவாகக் கடந்துபோக முடியாது. உலகெங்கும் நகரத் திட்டமிடலாளர் மிக அதிகமாகப் பேசுவது இவற்றைப் பற்றியே. மட்ரிட் மாநகரம் 2015 செப்டெம்பரில் தொடங்கிய தளம் கொன்சுல் என்ற திறந்த மூல மென்பொருளில் இயங்குவது. பதிவுசெய்த எவரும் யோசனை எழுதலாம். பதினாறு வயதுக்கு மேற்பட்ட நகரவாசிகளில் நூற்றுக்கு ஒருவரின் ஆதரவு கிடைத்தால் அந்த யோசனை வாக்கெடுப்புக்குப் போகும் என்பது விதி. ஆயிரமாயிரமாக யோசனைகள் வந்தன. அந்த எல்லையைத் தாண்டி 2017 பெப்ரவரி வாக்கெடுப்புக்கு வந்தவை இரண்டு மட்டுமே. எழுத விடுவது எளிது, எழுதியதை முடிவுவரை கொண்டுபோவது கடினம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. பார்சிலோனா 2016 இல் தன் நகரச் செயற்றிட்டத்துக்காகத் திறந்த டெசிடிம் தளத்தின் அனுபவம் சற்று வேறு. கற்றலன் மொழியில் அச்சொல்லுக்கு 'நாங்கள் முடிவு செய்கிறோம்' என்று பொருள். அங்கேயும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட யோசனைகள் வந்தன. ஆனால் அதே காலத்தில் நகரின் பகுதிகள் தோறும் நானூறுக்கும் மேற்பட்ட நேரடிக் கூட்டங்கள் நடத்தப்பட்டு, அவற்றில் பேசப்பட்டவையும் தளத்தில் ஏற்றப்பட்டன. யோசனைகள் ஏற்கப்பட்டனவா, இல்லையென்றால் ஏன் என்பதும் அங்கேயே பதியப்பட்டன. தளத்துக்குக் கிடைத்த புகழில் பெரும் பங்கு அந்தக் கூட்டங்களுக்கு உரியது என்றே நான் நினைக்கிறேன்.

இத்தகைய தளத்தை இங்கே கொண்டுவர மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை; இரண்டுமே இலவசமாகக் கிடைப்பவை. செலவு வேறிடத்தில் இருக்கிறது. சேர்வரைப் பராமரிக்க ஓர் ஆள், வரும் யோசனைகளை வாசித்து ஒன்றானவற்றை இணைக்க ஓர் ஆள், வசைகளை நீக்க ஓர் ஆள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பதில் எழுத அதிகாரமுள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த நால்வரும் பல ஆண்டுகள் அதே வேலையில் நிலைத்திருக்கவும் வேண்டும். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து 2025 மே 6 தேர்தல் வரை, மக்கள் தெரிவுசெய்த சபை இல்லாமலே நம் மாநகரம் நிர்வகிக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. ஒரு நிர்வாகம் ஆர்வத்தோடு தொடங்கிய தளத்தை அடுத்த நிர்வாகம் புதுப்பிக்காமல் விட்டால், இறந்துபோன இணையமுகவரியும் 'நாங்கள் எழுதினோம், ஒன்றும் நடக்கவில்லை' என்ற கசப்பும்தான் மிஞ்சும்.

எழுத்து என்ற வடிவமே எழுப்பும் சிக்கல்களும் உண்டு. நம் அலுவலகங்களிலும் சங்கங்களிலும் இன்றும் ஏராளமான ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்படுகின்றன. அவற்றை யுனிகோட் தளமொன்றில் ஒட்டினால் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குவியல்தான் திரையில் தெரியும். இளையவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பப் பழகியவர்கள். அவ்வாறு எழுதியதைத் தளத்தின் தேடுபொறி தமிழாக எண்ணுவதில்லை. மொழிபெயர்ப்பு இயந்திரம் துப்பிய தமிழில் 'உங்கள் முன்மொழிவை வளர்த்தெடுங்கள்' என்ற பொத்தான் இருந்தால், அதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று எழுபது வயதுக்காரர் ஒருவர் பயப்படுவது நியாயமே. இவற்றைத் திருத்தலாம். திருத்துவதற்கும் ஆள் வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய கேள்வி, தளத்தில் எழுதுபவர் யார் என்பது. மட்ரிட்டில் நகரவாசிகளின் பதிவேடு இருக்கிறது. தளம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இங்கே அதற்கு நிகராகத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் வாக்காளர் இடாப்பையும்தான் கேட்க முடியும். போர்க்காலத்தில் பெயரும் விலாசமும் கொடுத்துக் கொடுத்துக் களைத்துப்போன ஊரில், வடிகாலைப் பற்றி ஒரு வரி எழுத அடையாள அட்டை இலக்கம் கேட்டால் பாதிப்பேர் அந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதென்று சொல்லி அந்தத் தயக்கத்தைப் போக்கிவிட முடியாது. அடையாளம் கேட்காமல் விட்டால், ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் நம்மவர்கள் உள்ளே வருவார்கள். வரட்டும் என்றுதான் முதலில் தோன்றும். அவர்களில் பலருக்கு இங்கே காணி இருக்கிறது, பெற்றோர் இருக்கிறார்கள், குளம் கட்டப் பணமும் அவர்களிடமிருந்து வருகிறது. ஆனால் அகலமான இணைய வசதியும் ஓய்வான ஞாயிற்றுக்கிழமையும் எழுத்துப் பழக்கமும் அவர்களிடம்தான் அதிகம். யோசனைகளை எண்ணிக்கையால் வரிசைப்படுத்தும் தளத்தில், மாரி காலத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பவரின் ஒரு வரியை, முப்பது ஆண்டுக்கு முந்தைய யாழ்ப்பாணத்தை நினைவில் வைத்திருப்பவரின் ஐந்து பக்கக் கட்டுரை கீழே தள்ளிவிடும். 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகளின் பின் சோனகதெருவுக்குத் திரும்பிவந்த முஸ்லிம் குடும்பங்களும், இன்னும் புத்தளத்தில் இருந்துகொண்டு இங்கே காணி வைத்திருப்போரும் இதே கேள்வியின் மறுபக்கம். இவர்களில் யார் குடியிருப்பாளர், யார் உரித்தாளர், யார் இரண்டும் என்று ஒரு பதிவுப் படிவத்தின் கட்டங்களால் தீர்மானிக்க முடியாது.

வட்ஸ்அப், வைபர் குழுக்கள் இந்தச் சிக்கல்களில் பலவற்றை இயல்பாகவே கடந்துவிடுகின்றன. புதிதாக எதையும் இறக்க வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவரும் குரற்பதிவு அனுப்பலாம். வெள்ளம் நிற்கும் ஒழுங்கையைப் படம் பிடித்து அனுப்ப அரை நிமிடம் போதும். வட்டார உறுப்பினர் ஒருவர் நடத்தும் குழுவில் காலை ஆறு மணிக்குக் கேட்ட கேள்விக்கு ஏழு மணிக்குள் இருபது பதில்கள் வந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். அதே குழுவில் எட்டு மணிக்குள் இரண்டு மரண அறிவித்தல்களும் ஒரு கோயில் திருவிழா அழைப்பும் ஓர் அரசியல் சண்டையும் வந்து அந்த இருபது பதில்களையும் மேலே தள்ளிவிட்டிருந்தன. ஒரு வாரம் கழித்து அவற்றைத் தேடி எடுத்துத் திட்டமிடல் உத்தியோகத்தருக்குக் கொடுக்க எவராலும் முடியவில்லை. வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் ஒருவரின் தொலைபேசி இலக்கம் முன்பின் தெரியாத இருநூறு பேருக்குத் தெரிந்துவிடுகிறது. இளம் பெண்கள் குழுவில் பெயருக்கு இருந்துகொண்டு வாய் திறக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குழுவின் பொறுப்பாளர் எவரையும் நீக்கலாம், எதையும் அழிக்கலாம் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையின் பதிவேடுகளைக் கேட்டுப் பெறலாம். உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கைபேசியில் இருந்த உரையாடலை அவ்வாறு பெறுவது எப்படி? ஆகவே இந்தக் குழுக்கள் அறிவித்தலுக்கும் அழைப்புக்கும் உகந்தவை. ஒரு முடிவுக்கு ஆதாரமாக வைக்கத் தகுந்தவை அல்ல.

இனி வரைபடம். பின்லாந்தின் ஹெல்சிங்கி மாநகரம் தன் நீண்டகாலத் திட்டத்துக்காக 2013 இல் மக்களிடம் கேட்டபோது, கட்டுரை எழுதும்படி கேட்கவில்லை. எங்கே வீடு கட்டலாம், எந்தப் பசுமையைத் தொடக் கூடாது என்பதை இணைய வரைபடத்தில் குறிக்கும்படி கேட்டது. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட குறிகள் வந்தன. தன்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் 2015 இல் தொடங்கிய வேலை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே பல்கலைக்கழக மாணவர்களும் ஊரவர்களும் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, வெள்ளம் வரும் குடியிருப்புகளின் கட்டடங்களையும் வாய்க்கால்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற திறந்த வரைபடத்தில் ஏற்றினார்கள். அவ்வளவு தூரமும் போக வேண்டியதில்லை. மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரதேசத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன்பே உலக வங்கியின் ஆதரவுடன் இதே திறந்த வரைபட முறையில் கட்டடங்களும் வீதிகளும் பதியப்பட்டிருக்கின்றன. நம் தீவில், நம் மொழியில் இது செய்து பார்க்கப்பட்ட வேலைதான்.

யாழ்ப்பாணத்தில் இதற்குக் கூடுதலாக ஒரு தேவையும் இருக்கிறது. செய்மதிப் படத்தில் நம் ஒழுங்கைகள் தெரிவதில்லை. மாமரமும் தென்னையும் பனையும் வேம்பும் மூடிய வளவுகளுக்கு இடையே மூன்று மீற்றர் அகலத்தில் ஓடும் குச்சொழுங்கையையும் அதன் ஓரத்து வாய்க்காலையும் மேலிருந்து பார்ப்பவர் காண முடியாது. நடந்து போகிறவருக்கே தெரியும். கைபேசியின் ஜிபிஎஸ்கூட நான்கைந்து மீற்றர் தவறக் கூடியது என்பதால், ஒழுங்கையில் நின்று அழுத்திய புள்ளி அடுத்த வீட்டுக் கிணற்றடியில் போய் விழுகிறது. அதனால் தூய டிஜிட்டல் முறையைவிட, பெரிதாக அச்சிட்ட வரைபடத் தாளில் மக்கள் பேனையால் குறித்து, அதை ஒருவர் பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்றும் கலப்பு முறையே இங்கு திருத்தமாக அமைகிறது.

சென்ற மாரிக்கு முன் சனசமூக நிலையம் ஒன்றில் இப்படியான முயற்சியொன்றில் உதவிக்குப் போயிருந்தேன். பத்திரிகை வாசிக்கும் நீள மேசையில் அந்தப் பகுதியின் வரைபடத்தை விரித்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் நான்கு மூலைகளிலும் கரம் காய்களை வைத்திருந்தார்கள். முதல் அரை மணித்தியாலம் இளைஞர்கள் மட்டுமே பேசினார்கள். பிறகு கதவடியில் நின்ற ஆச்சி ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து, "தம்பி, வயிரவர் கோயில் எங்க எண்டு காட்டு, மிச்சத்தை நான் சொல்லுறன்" என்றார். கோயிலைக் காட்டியதும் அவருடைய விரல் தாளின்மேல் தானாக நடந்தது. வரைபடத்தில் தண்ணீர் வீதியோரமாகத் தெற்கே போவதாகக் கீறப்பட்டிருந்தது. அவர் அதை ஒப்பவில்லை. "றோட்டால தண்ணி போறேல்ல. மூலை வளவுக்காரர் மதில் கட்டினாப்பிறகு, இந்தப் பின்பக்கத்தாலதான் வந்து எங்கட கிணத்தடியில நிக்கும். மூண்டு நாள் நிக்கும்." பக்கத்தில் டப்லட்டோடு நின்ற மாணவி அதைக் கோபோடூல்பொக்ஸ் என்ற கள ஆய்வுச் செயலியின் படிவத்தில் பதிந்தார்: எங்கே, எத்தனை நாள், எந்த அளவு உயரம், எந்த ஆண்டிலிருந்து. இணையம் இல்லாத இடத்திலும் அந்தப் படிவம் வேலைசெய்யும். பின்னர் இணைப்புக் கிடைக்கும்போது அனுப்பிவிடும். மறுநாள் போய்ப் பார்த்தபோது பின்வளவில் நிலம் பதிந்து, பாசி காய்ந்த கோடு மதிலில் ஒரு முழ உயரத்தில் தெரிந்தது.

ஆச்சியிடம் ஒரு பங்கேற்புத் தளத்தைக் காட்டி 'உங்கள் கருத்தை எழுதுங்கள்' என்று கேட்டிருந்தால், 'எனக்கென்ன தம்பி தெரியும்' என்பதே பதிலாக இருந்திருக்கும். எங்கே என்று கேட்டபோது அந்த மேசையில் இருந்த எவரையும்விட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது. நான்கு வழிகளையும் பிரித்துக் காட்டும் வேறுபாடு இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். எழுத்து கேட்கும் கருவி எழுதுபவனை முன்னே கொண்டுவருகிறது. இடம் கேட்கும் கருவி அந்த இடத்தில் வாழ்பவனை முன்னே கொண்டுவருகிறது. ரொறொன்ரோவின் ஸ்கார்பரோவில் இருப்பவர் இந்த வரைபடத்தில் தன் பழைய வீட்டைக் காட்டலாம். சென்ற கார்த்திகையில் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது என்று காட்ட அவரால் முடியாது. எவரையும் வெளியே நிறுத்தாமல், அடையாள அட்டை கேட்காமல், கேள்வியின் வடிவத்தாலேயே அறிந்தவரின் சொல்லுக்கு எடை கிடைக்கிறது.

செலவிலும் இது தாழ்வானது. கோபோவும் ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பும் இலவசம். பெரிய தாளில் வரைபடம் அச்சிடும் செலவும், வட்டாரத்துக்கு இரண்டு மூன்று மாணவர்களுக்கு ஒரு வாரப் போக்குவரத்தும் தேநீரும்தான் பிரதான செலவுகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறை மாணவருக்கு இது களப்பயிற்சியாகவும் அமையும். நிர்வாகம் மாறினாலும், ஒருமுறை சேர்த்த வரைபடம் எவருடைய கணினியிலும் திறக்கக்கூடிய கோப்பாக இருந்துவிடும். சேர்வர் நின்றுபோனால் அழிந்துபோகும் தளத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய நன்மையல்ல.

வரைபடத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அது நிலையைச் சொல்லும், தெரிவைச் சொல்லாது. நகரின் எந்த இரண்டு குளங்களை இந்த ஆண்டு திருத்துவது, வடிகாலுக்கு ஒதுக்கும் பணத்தைத் தரிப்பிடத்துக்குத் திருப்பலாமா என்ற கேள்விகள் வந்தால் விவாதமும் வாக்கும் தேவை. அந்த வேளையில் பார்சிலோனாவின் தளத்தைப் போன்ற ஒன்று, நேரடிக் கூட்டங்களோடு சேர்த்து, பொருத்தமாகலாம். தைவானில் 2015 இல் ஊபர் வாடகைக் கார்ச் சேவை பற்றிய ஒழுங்குவிதிகளுக்காகப் பயன்படுத்திய போலிஸ் (Pol.is) என்ற இணையக் கருவியும் கவனிக்கத் தக்கது. அதில் ஒருவர் கூற்றுக்கு மற்றவர் ஒப்புகிறேன், ஒப்பவில்லை, தெரியாது என்று மட்டுமே சொல்லலாம், மறுமொழி எழுதிச் சண்டை பிடிக்க இடமில்லை. நம் முகநூல் பின்னூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும். மைன்கிராஃப்ட் விளையாட்டில் பூங்காக்களை மக்களே கட்டிப் பார்க்க, ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பு 2012 இலிருந்து சில நாடுகளில் உதவிவருகிறது. பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரு குளக்கரையை வடிவமைக்க அது உதவலாம், வெள்ள நீரைத் திட்டமிட அன்று.

கூட்டத்துக்கு நேரம் தெரிவுசெய்வதும் கருவியைத் தெரிவுசெய்வதற்கு இணையான வேலை. குருநகரிலும் பாஷையூரிலும் நாவாந்துறையிலும் தொழிலுக்குப் போகிறவர்கள் மாலையில் கடலுக்குப் புறப்பட்டுவிடுவார்கள்; அங்கே முற்பகல்தான் சரி. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் எந்தக் கூட்டமும் வேண்டாம். மாநகரின் இருபத்தேழு வட்டாரங்களையும் ஒரே ஆண்டில் செய்ய முற்படுவதும் பிழையாகிவிடும். ஒன்றோடொன்று தொடரும் வாய்க்காலைப் பகிரும் மூன்று வட்டாரங்களை முதலில் எடுத்து, புரட்டாதிக்குள் வரைபடத்தை முடித்து, கார்த்திகை மழையில் அதைக் கையில் வைத்துக்கொண்டே நேரில் பார்த்துத் திருத்துவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். வட்ஸ்அப் குழுக்களை அந்தக் கூட்டங்களுக்கு அழைப்பு அனுப்பவும், திருத்திய வரைபடத்தின் படத்தைத் திரும்ப அனுப்பவும் பயன்படுத்தலாம். குறிக்கப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில், அது யாருடைய பொறுப்பு, இந்த ஆண்டு செய்யப்படுமா, இல்லையென்றால் ஏன் என்ற மூன்று வரிகளை எழுதி, அதே சனசமூக நிலையச் சுவரில் ஒட்ட வேண்டும். முறைப்பாட்டுச் செயலியின் மிகப் பெரிய குறை அப்போது இங்கே தானாகவே தீர்ந்துவிடும். ஏனென்றால் எல்லைப் பிரச்சினையைக் குடியிருப்பாளரின் தலையில் கட்டாமல், மாநகர சபையே ஏற்றுப் பிரித்திருக்கும்.

இதில் இன்னும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஒரு வளவில் வெள்ளம் நிற்பதாகப் பகிரங்க வரைபடத்தில் காட்டினால் அந்தக் காணியின் விலை இறங்கும். பிள்ளையின் சீதனத்துக்காகவோ வெளிநாட்டுப் பயணத்துக்காகவோ காணியை விற்க எண்ணியிருப்பவர் தன் கிணற்றடியைக் குறிக்க விடமாட்டார். அயலவருடைய கிணற்றடியைக் குறிக்கத் தயங்கவும் மாட்டார். வாய்க்காலை அடைத்து மதில் எழுப்பியவரின் பெயர் தாளில் வந்துவிட்டால் மறுநாள் சனசமூக நிலையத்தில் கூட்டமே நடக்காது. ஆச்சி சொன்ன மூலை வளவுக்காரரும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை, தேநீரும் குடிக்காமல் எழுந்து போனார். எனவே சுவரில் ஒட்டும் பிரதியில் தனித்தனி வளவுகளைக் காட்டாமல் ஒழுங்கையின் அளவில் மட்டும் நிறம் தீட்டுவதும், வளவு வாரியான பதிவைத் திட்டமிடல் உத்தியோகத்தரிடமும் வட்டாரக் குழுவிடமும் மட்டும் வைப்பதும் தற்போதைக்கு என் பரிந்துரை. அந்தக் குழுவில் யார் யார் இருப்பது என்பதை வரைபடம் விரிக்கும் முன்பே, அந்த ஒழுங்கைகளில் இருப்பவர்களிடமே கேட்டுத் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.